அதற்கும் அதே சொல்தான்

அந்த மாடிக்கூடத்தின் வடக்குச் சுவரில், முதுகுகள் சாய்ந்து சாய்ந்து சுண்ணம் மங்கிப்போன ஓர் இடம் இருந்தது. பெங்களூரின் ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பழைய பள்ளியின் மேல்தளம் அது. எங்கள் தமிழ் அவை ஞாயிறு பிற்பகல்களில் அங்கே கூடும். பேச்சுக்கிடையே ஆங்கிலச் சொல் ஒன்றைத் தவறவிட்டவர் அந்தச் சுவரோரம் போய் நிற்க வேண்டும் என்பது அவையின் விதி. வேறொருவர் தவறும் வரை அவர் உட்காரக் கூடாது. வாய் திறக்கவும் கூடாது. நான் எழுத எடுத்துக்கொண்ட நாளில் அங்கே நின்றுகொண்டிருந்தவன் நான்தான். ‘பஸ் கிடைக்கவில்லை’ என்று சொல்லிக்கொண்டே நுழைந்தேன். வணக்கம் சொல்வதற்கு முன்பே அவைத்தலைவரின் விரல் சுவரைக் காட்டிவிட்டது.

விதியை வகுத்தவரும் அவரே. தந்தையும் பாட்டனாரும் மைசூர் அரசுப் பணியில் இருந்த குடும்பம்; அவர் தொழிற்சாலைகளை ஆய்வு செய்யும் அரசு அலுவலகத்தில் சேர்ந்து, அதன் உயர்பதவி வரை சென்று ஓய்வு பெற்றவர். எந்தப் பொறியில் எவர் கை போயிற்று, எந்தக் கொதிகலன் ஏன் வெடித்தது என்று வாழ்நாள் முழுதும் ஆங்கிலத்தில் அறிக்கை எழுதியவர். ஓய்வுக்குப் பின் தமிழின்பால் அவர் திரும்பிய வேகம், துறவு பூண்டவரின் வேகம். “ஆங்கிலத்துக்கு என் கையைக் கொடுத்தாயிற்று; நாக்கையாவது மீட்டுக்கொள்கிறேன்” என்பார். தவறியவரிடம் சிறு தொகை தண்டமாக வாங்கலாம் என்று தொடக்கத்தில் ஒருவர் சொல்லிப் பார்த்தார். தலைவர் ஒப்பவில்லை. “காசு கொடுத்தவன் மறந்துவிடுவான். கால் வலித்தவன் மறக்கமாட்டான்” என்றார்.

அவ்விதியை நான் ஒருபோதும் நகைப்புக்குரியதாக எண்ணியதில்லை. கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்ந்தவன் நான். இந்நகரில் ஒரு வாக்கியத்தைத் தமிழில் தொடங்கித் தமிழிலேயே முடிப்பவரைக் காண்பது அரிது. அத்தகையோர் ஒருசிலர் ஒரு கூரையின்கீழ்க் கூடுவது எனக்குப் பேரின்பமாகவே இருந்தது. ஆனால் தலைவருக்கு அத்தூய்மையைவிடத் தண்டனையில் சுவை மிகுதி என்பதை மெல்ல மெல்லவே கண்டுகொண்டேன். அவையில் முழங்கால் நோயுள்ள ஓர் ஆசிரியை இருந்தார். பள்ளியில் கற்பித்து ஓய்வு பெற்றவர். ஒருநாள் தலைவர் மிகுந்த கனிவோடு, “வீட்டுக்கு எதில் போவீர்கள், அம்மா?” என்று கேட்டார். அம்மையார் அந்தக் கனிவில் மயங்கி, “ஆட்டோவில்தான் ஐயா” என்றார். விரல் சுவரைக் காட்டியது. அதன்பின் தலைவர் ஒரு பழம்பாட்டின் உரையை எடுத்துக்கொண்டு, வேண்டுமென்றே அடியடியாக, நிறுத்தி நிறுத்தி விளக்கினார். எல்லாரும் விழிப்பாக இருந்தமையால் வேறு எவரும் தவறவில்லை. ஆசிரியை சுவரைப் பற்றிக்கொண்டு, முகத்தில் புன்னகை மாறாமல் நின்றார். ஒரு நாற்காலியேனும் கொடுக்கலாமே என்று எவரோ முணுமுணுத்தபோது, “நாற்காலி கொடுத்தால் அதற்குப் பெயர் விருந்து” என்றார் தலைவர். அவை சிரித்தது. அடுத்த வாரம் அந்த அம்மையார் முழங்காலில் கட்டுடன் வந்து, தம் மொழி செம்மையாகி வருவதாகத் தலைவரிடம் நன்றி சொன்னார். எனக்கு இன்றும் விளங்காதது அந்த நன்றிதான்.

நான் சுவரோரம் நின்ற அந்நாளில், படியேறி ஒரு முதியவர் வந்தார். கசங்கிய வெள்ளைச் சட்டை, மழித்து நாளாகாத தலை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, எவரைப் பார்ப்பது என்று தெரியாமல் கைகூப்பினார்.

“ஃபேக்டரி ஆபீசரா இருந்த ஐயா யாருங்க? வூட்டாண்ட போனேன், இங்க இருக்காருன்னு சொன்னாங்க.”

தலைவர் விரலை உயர்த்தினார். அருகிலிருந்த ஓர் உறுப்பினர் வந்தவருக்கு விதியை விளக்கினார். “இங்கே ஆங்கிலம் ஆகாது பெரியவரே. பேசினால் அதோ, அவர் நிற்கிறாரே, அங்கே போய் நிற்க வேண்டும்.”

“அவர் நம் அவையினர் அல்லரே” என்றார் முழங்கால் ஆசிரியை.

“வாசலைத் தாண்டியவர் எல்லாரும் அவையினரே” என்றார் தலைவர்.

எனக்கு விடுதலை கிடைத்தது. முதியவர் சுவரோரம் வந்தார். என்னைக் கடக்கையில், என் இடத்தைப் பறித்துக்கொண்டதாக எண்ணினார் போலும். “மன்னிச்சுக்கங்க சாமி” என்றார். நிற்பவர் பேசலாகாது என்றாலும், தொலைவிலிருந்து வந்தவர் என்பதால் தலைவர் ஒரு சலுகை தந்தார். நின்றபடியே செய்தியைச் சொல்லலாம்; ஆனால் தமிழில் மட்டும். ஆங்கிலம் வந்தால் அவையினர் உரிய சொல்லை எடுத்துக்கொடுப்பார்கள். அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத் தொடர வேண்டும்.

“அடுகோடில தகடு அடிக்கிற பிரஸ்ஸுங்க...”

“அழுத்துபொறி” என்றது ஒரு குரல்.

“அழுத்துபொறி. அதுல என் பையன் ஆபரேட்டரு.”

“இயக்குநர்.”

“இயக்குநரு” என்றார் முதியவர், பள்ளிப்பிள்ளையைப் போல.

பின்வரிசையில் ஒருவர், “படம் எடுத்தானோ?” என்று கேட்க, கூடம் குலுங்கிச் சிரித்தது. முதியவரும் எதற்கென்று அறியாமல் சற்றே சிரித்தார். பிறகு சொன்னார்: “செத்துட்டான் சாமி. அந்த அழுத்துபொறிலதான்.”

அந்த வாக்கியத்தில் திருத்துவதற்கு எவருக்கும் எதுவும் கிடைக்கவில்லை.

அவரும் அதே தொழிற்கூடத்தில் சுமை இறக்குபவர். அந்தப் பொறியில் கையோ தலையோ உள்ளே போகாதபடி முன்புறம் ஒரு தடுப்புக் கம்பி இருக்கும். அதைச் ‘சேஃப்டி கம்பி’ என்று அவர் சொன்னபோது, உரிய தமிழை எடுத்துக்கொடுத்தவர் தலைவரே. தொழிலறிந்தவரின் குரலில், மெல்ல. கம்பி இருந்தால் ஒவ்வொரு தகட்டுக்கும் அதைத் தூக்கி இறக்க வேண்டும்; வேலை மெதுவாகும். “அத்தக் கழட்டிப் போட்டுட்டு ஓட்டுடான்னு ஓனரு... மொதலாளி நின்னு சொன்னாரு. நான் சுமை எறக்கிக்கினு இருந்தேன். என் கண்ணால பார்த்தேன், காதால கேட்டேன். இவன் கழட்டினான். அன்னிக்கே ஆயிப்போச்சு.”

மறுநாள் காலை அரசு அலுவலர் விசாரணைக்கு வருகிறார். நேரில் கண்டவர் என்ற முறையில் தந்தையைக் கேட்பார். அதற்காக முதலாளி அவருக்கு ஒரு சொல்லைக் கற்பித்திருந்தார். முதியவர் அச்சொல்லைச் சொல்லத் தயங்கி அவையைச் சுற்றிப் பார்த்தார். இதற்குத் தமிழ் தமக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்கவே மாட்டேன் என்றார்.

“‘வயலேஷன் ஆயிடுச்சு சார்’னு ஒரு வார்த்தை சொல்லிடு, மீதிய நாங்க பார்த்துக்கறோம்னு சொல்றாரு மொதலாளி. அப்டின்னா விபத்துன்னு அர்த்தமாம். எனக்கு என்னமோ மனசு ஒப்பல. ஐயா அந்த ஆபீசுலயே இருந்தவரு. நீங்க சொல்லுங்க. வயலேஷன்னா விபத்தா?”

அச்சொல்லை நான் நன்கறிவேன். வன்முறையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லோடு உடன்பிறந்தது அது. உடன்படிக்கையை முறிப்பதற்கும், வழிபாட்டிடத்தை மாசுபடுத்துவதற்கும், பெண்ணின் மேல் வன்கை வைப்பதற்கும் அவர்கள் ஆளும் சொல். ஆனால் இன்றைய பெங்களூரில் அது தேய்ந்த நாணயமாகிவிட்டது. சிவப்பு விளக்கைத் தாண்டியவரின் கைப்பேசிக்கு அது வருகிறது. அடுக்ககத்தின் மாடத்தில் துணி உலர்த்தியவரைத் தேடி வருகிறது. பூங்காவில் புல்மேல் கால்வைத்தால் காவலாளியின் வாயிலிருந்து வருகிறது. காய்கறி விற்பவர் முதல் கணினிப் பொறியாளர் வரை எல்லாரும் நாள்தோறும் கேட்கும் சொல்லாதலால், அதற்குப் பெரிய பொருள் ஒன்றும் இருக்காது என்று ஒருவரை எளிதில் நம்பவைத்துவிடலாம். விபத்து என்றால் எவர்மீதும் குற்றமில்லை. இச்சொல்லோ குற்றத்தை ஒருவர் தலையில் வைத்துவிட்டுத்தான் ஓயும். இறந்தவனின் தந்தை வாயிலிருந்தே அது வந்துவிட்டால், முதலாளியின் தலை தப்பிவிடும்.

இதை அந்தக் கூடத்தில் எல்லாரினும் நன்றாக அறிந்தவர் அவைத்தலைவர். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை.

“அந்தச் சொல்லை இங்கே எடுக்காதீர்” என்றார். “அவை முடியட்டும், பார்க்கலாம். அதுவரை பேசாமல் நில்லும்.”

முதியவர் வாய் மூடி நின்றார். ஆனால் அவையால் சும்மா இருக்க இயலவில்லை. புதிதாக ஒரு சொல் கிடைத்துவிட்டதல்லவா? அதற்கு நேரான தமிழ் எது என்று தொடங்கிவிட்டார்கள். ‘பிறழ்வு’ என்றார் ஒருவர். ‘வரம்பு கடத்தல்’ என்றால் நீர் கரையைக் கடக்கும் அழகு அதில் இருக்கிறது என்றார் மற்றொருவர். ‘இகத்தல்’ என்னும் பழஞ்சொல்லை மீட்டெடுக்கலாம் என்றார் முழங்கால் ஆசிரியை, கண்கள் ஒளிர. பின்வரிசைக்காரர் அதற்கு மேற்கோள் தேடினார். முதியவரின் தலை, பேசுகிறவர் வாய்க்கு வாய் திரும்பிக்கொண்டிருந்தது. அவர் கேட்டது ஆம் அல்லது இல்லை என்று ஒரு விடை. அத்தனை அறிஞர்களும் அவர் கேட்ட சொல்லைப் பற்றியே பேசினார்கள். அவரிடம் ஒருவரும் பேசவில்லை.

நான் எழுந்தேன். “வயலேஷன்” என்றேன், கூடம் முழுதும் கேட்கும்படி. “நான் தவறிவிட்டேன். இனி என் முறை. அவர் உட்கார்ந்து பேசட்டும்.”

தலைவர் புன்னகைத்தார். அத்தகைய புன்னகையை அவரிடம் நான் அடிக்கடி கண்டதில்லை. நல்ல பாட்டு ஒன்றில் நுண்பொருள் தட்டுப்படும்போது மட்டுமே வரும்.

“நீர் தவறவில்லை. வாய்தவறி வந்தால் அது வழு. வழுவுக்குச் சுவர் உண்டு. விதி இன்னதென்று தெரிந்து, வேண்டுமென்றே கடந்தால் அது வழுவன்று, மீறல். மீறியவனுக்கு இங்கே சுவர் கிடையாது, படிக்கட்டுதான். அவர் நிற்பார். நீர் புறப்படலாம்.”

அவையில் பாராட்டு முணுமுணுப்பு எழுந்தது. வேறுபாட்டை எவ்வளவு செப்பமாகப் பிரித்துவிட்டார் என்று ஒருவர் வியந்தார். நான் என் பையை எடுத்துக்கொண்டிருக்கையில், சுவரோரமிருந்து குரல் வந்தது.

“தெரிஞ்சே செஞ்சாவா?”

எல்லாரும் திரும்பினர்.

“அப்போ அந்த வார்த்தைக்கு அதான் அர்த்தமா? எம்புள்ள தெரிஞ்சே, வேணும்னே செஞ்சான்னு நான் என் வாயால சொல்லணுமா?”

விடை ஏற்கெனவே சொல்லப்பட்டுவிட்டது, மிகத் தூய தமிழில்.

முதியவர் சுவரைவிட்டு ஓரடி முன்னால் வந்தார். தலைவரை மட்டும் பார்த்துக் கேட்டார்: “அவனா கழட்டல ஐயா. கழட்டுடான்னாங்க, கழட்டினான். மாட்டேன்னா மறுநாள் அவனுக்கு அங்க வேலை ஏது? மொதலாளி பேச்சைக் கேட்டுச் செஞ்சா அதுக்கு இன்னா வார்த்தை?”

தலைவர் அவையில் பேசும் குரலை விட்டுவிட்டு, கோப்பை மூடும் அலுவலரின் வறண்ட குரலில் சொன்னார்:

“அதற்கும் அதே சொல்தான்.”

அது பொய்யன்று, அதனால்தான் அது என்னை இன்றுவரை விட்டுவைக்கவில்லை. அவர் தம் பணிக்காலம் முழுதும் அப்படித்தான் எழுதியிருக்கிறார். கழற்றச் சொன்னவரின் பெயர் அறிக்கைக்குள் வருவதில்லை. கழற்றிய கையின் பெயர்தான் வரும். அந்தக் கை உயிரோடில்லாவிட்டால் எழுதுவது இன்னும் எளிது. அந்த ஒரு வாக்கியத்தில் அவர் தம் வாழ்நாள் தொழிலை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு, அன்றைய பாட்டின் அடுத்த அடிக்குப் போய்விட்டார்.

படிக்கட்டில் முதியவர் என் பின்னால் இறங்கி வந்தார். கீழே வந்ததும், “நாளைக்கு ஸ்வல்பம், கொஞ்ச நேரம், வந்து நிக்கிறீங்களா சாமி? பேச வேணாம். பக்கத்துல ஒரு படிச்ச ஆளு இருந்தா போதும்” என்றார். போனேன்.

அடுகோடியின் சந்தொன்றில், வரிசையாக அமைந்த பட்டறைகளுக்கிடையே இருந்தது அந்தத் தொழிற்கூடம். அந்தப் பொறி மட்டும் அன்று ஓடவில்லை. தடுப்புக் கம்பி அதன் இடத்தில் பொருத்தப்பட்டிருந்தது. புதிதாக மஞ்சள் வண்ணம் பூசியிருந்தார்கள். அலுவலர் கன்னடத்தில் கேட்டார், முதியவர் கன்னடத்தில் சொன்னார். முந்தைய நாள் தமிழில் சொல்லுக்குச் சொல் இடறியவர் இங்கே எங்குமே இடறவில்லை. குறுக்கே புகுந்து திருத்துவார் எவரும் இல்லை. முதலாளி கற்பித்த சொல்லை அவர் சொல்லவில்லை. முதலாளி நின்ற இடம், கை நீட்டிய விதம், மகன் ஒருமுறை தயங்கியது, எல்லாவற்றையும் கண்டபடி சொன்னார். தொலைவில் நின்ற முதலாளியின் முகம் கறுத்தது. வேறு எவரேனும் பார்த்தார்களா என்று அலுவலர் கேட்டபோது, மற்றப் பொறிகளின் அருகே நின்ற தொழிலாளர்கள் தத்தம் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி பேசாமல் சுவரில் மாட்டியிருந்த பலகையைச் சுட்டினார். தடுப்பைக் கழற்றக் கூடாது என்று கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் அதில் எழுதியிருந்தது. அலுவலர் அதைப் படித்துவிட்டு முதியவரிடம் கனிவாகவே சொன்னார்: நீங்கள் தந்தை, அப்படித்தான் சொல்வீர்கள்.

சில மாதங்களில் முடிவு வந்தது. இறந்தவரின் விதிமீறல். முதியவர் வாய்க்குள் அடைத்துவைத்து வெளியே விடாத சொல்லை அவர்களே எழுதிக்கொண்டார்கள்.

அதன்பின் ஒருநாள் காலை நடையில் அவைத்தலைவரை எதிர்கொண்டேன். ஒதுங்கிப் போக நினைத்தேன், அவரே நிறுத்தினார்.

“அந்தப் பெரியவர் என்ன சொன்னார்?”

“கண்டதைச் சொன்னார்.”

“என்ன பதிந்தார்கள்?”

சொன்னேன். மாணவன் சரியான விடை சொன்னதைப் போலத் தலையசைத்தார். “நான்தான் முன்பே சொன்னேனே.” ஓரிரு அடி நடந்தவர் நின்று கேட்டார். “தமிழிலா சொன்னார்?”

“கன்னடத்தில்.”

அவர் முகம் சுளித்தது. அந்தச் செய்தி முழுவதிலும் அவரை வருத்தியது அது ஒன்றுதான்.

அவை இன்றும் கூடுகிறது என்று கேள்விப்படுகிறேன். சுவரோரம் எவராவது நின்றுகொண்டிருப்பார்கள். நான் போவதில்லை. தூய தமிழ்மீது எனக்குள்ள பற்று ஓர் இழையும் குறையவில்லை. அதை விடவும் இயலாமல், பகிர வேறு இடமும் இல்லாமல், வீட்டுச் சுவர்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன்.

அண்மையில் அடுகோடிப் பக்கம் போக நேர்ந்தபோது, கால்கள் தாமாக அந்தச் சந்துக்குள் திரும்பின. தொழிற்கூடத்தின் வாசலில் நீலச்சட்டை அணிந்து அந்த முதியவர் அமர்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து கைகூப்பினார். சுமை தூக்க உடம்பு இடம் கொடுக்கவில்லை, மகன் போன வீடு என்று முதலாளி இரக்கப்பட்டு வாசல் வேலை கொடுத்திருக்கிறார் என்றார். தலைக்கவசமும் கெட்டிக் காலணியும் இல்லாமல் எவரும் உள்ளே போகாதபடி பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. உள்ளே பொறிகளின் ஓசை இடைவெளியின்றி, மிக வேகமாகக் கேட்டது. தடுப்பைத் தூக்கி இறக்கும் வேலையில் அந்த வேகம் வராது என்று எனக்குக்கூடத் தெரிந்தது.

“அந்தக் கம்பி இப்போது இருக்கிறதா?” என்று கேட்டேன்.

“உள்ள எனக்கு வேலை இல்லீங்க சாமி. வாச கேட்டு வரைக்கும்தான் நானு.”

அப்போது ஓர் இளைஞன் ரப்பர்ச் செருப்போடு ஓடிவந்தான். முதியவர் கையை நீட்டி மறித்தார்.

“ஏய், ஷூ எங்கடா? வயலேஷன் இது. போய் மாட்டிக்கினு வா.”

“விடு பெருசு. ஓனர்தான் அப்டியே ஓடியாடான்னு போன் பண்ணாரு.”

“யார் சொன்னா இன்னாடா. எழுதறப்போ உன் பேர்லதான் எழுதுவாங்க.”

இளைஞன் சிரித்தான். உள்ளேயிருந்து ஒரு குரல், அவனை விடச் சொல்லிக் கத்தியது. முதியவர் அந்தச் செருப்புகளைப் பார்த்தார். பிறகு கதவைத் திறந்துவிட்டார்.